எலும்பை வளர்க்கும் மருந்து: சோதனைத் தட்டில் தேடியதும் நோயாளிகளிடம் கிடைத்ததும்

எலும்புப்புரைக்கு இன்று மருந்துப் பஞ்சம் இல்லை. வாரம் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஓர் ஊசி என்று பலவகை உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எலும்பு மேலும் அரிபடாமல் காப்பவை மட்டுமே. இழந்த எலும்பைத் திரும்ப வளர்ப்பவை மிகக் குறைவு. அமெரிக்காவில் அந்த வகையில் ஒப்புதல் பெற்றவை மூன்றுதான்: 2002இல் டெரிபாரடைடு, 2017இல் அபலோபாரடைடு, 2019இல் ரோமோசோசுமாப். மூன்றும் ஊசி மருந்துகள். மூன்றும் புரதம் அல்லது புரதத்தின் துண்டு. பல்லாயிரம் சேர்மங்களை வரிசையாகச் செல்கள் மீது சோதித்து, தேறியதை எடுத்து மருந்தாக்கும் வழியில் இவற்றுள் ஒன்றுகூடப் பிறக்கவில்லை.

இது யோசிக்க வேண்டிய செய்தி. ஒரு தலைமுறைக்கும் மேலாகப் பல நாட்டு ஆய்வகங்கள் இந்தச் சலித்தெடுப்பில் உழைத்திருக்கின்றன. தட்டில் தேறிய சேர்மங்களுக்குக் குறைவே இல்லை. அவை ஏன் நோயாளியின் எலும்பை எட்டவில்லை? உழைப்பையோ கருவிகளையோ குறை சொல்ல எனக்கு இடம் தெரியவில்லை. எந்தச் செல்லிடம், எவ்வளவு நேரம், எதைக் கேட்டோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்று கருதுகிறேன்.

எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. முதிர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. பழையதை ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்துக் குழியாக்குகின்றன. அந்தக் குழியில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் இழைகளைப் பரப்பி, அதன்மேல் கால்சியம் பாஸ்பேட்டைப் படியவைக்கின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் ஒரு பகுதி, தாம் கட்டிய எலும்புக்குள்ளேயே புதைந்து ஆஸ்டியோசைட்டாக மாறுகின்றன. முதிர்ந்த எலும்பில் உள்ள செல்களில் 90 சதவீதத்துக்கு மேல் இந்தப் புதைந்த செல்கள்தாம். மாதவிடாய் நின்ற பிறகு அரிப்பு வேகமெடுக்கிறது; கட்டுமானம் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் அரிக்கும் செல்களை முடக்குகின்றன. அரிப்பும் கட்டுமானமும் பிணைந்து நடப்பவை என்பதால் ஒன்றை அடக்கினால் மற்றதும் அடங்குகிறது. இருக்கிற எலும்பு தங்கும், போனது வராது.

ஆகவே கட்டும் செல்லைத் தூண்டும் பொருளைத் தேடினார்கள். வழிமுறை கேட்பதற்கு எளியது. 96 அல்லது 384 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்க்க வேண்டும். குழிக்கு ஒரு சேர்மம் விட வேண்டும். சில நாள் கழித்து எந்தக் குழியில் எலும்பாக்கத்தின் அடையாளம் தெரிகிறது என்று கருவி படித்துச் சொல்லும். செல்கள் பெரும்பாலும் பிறந்த சுண்டெலிக் குட்டியின் மண்டையோட்டிலிருந்து வந்தவை. ஜப்பானில் உருவாக்கப்பட்ட எம்சி3டி3 என்ற செல் வரிசை உலகம் முழுக்கப் புழங்குகிறது. அடையாளமாக மிக அதிகம் பயன்படுவது ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் கல்லீரல் பகுதியில் அச்சாகும் அதே நொதி. எலும்பு கட்டத் தயாராகும் செல் இதை மிகுதியாகச் சுரக்கும். அதற்கேற்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் குழி மஞ்சளாகும். மஞ்சளின் அடர்த்தியை அளந்தால் போதும். இன்னும் சில வாரம் பொறுத்தால் படியும் கால்சியத்தை அலிசரின் சாயம் சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும்.

மஞ்சளையும் சிவப்பையும் அப்படியே நம்ப முடியாது என்பதுதான் முதல் தடை. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் எலும்புச் செல்லுக்கு மட்டும் சொந்தமானதல்ல. சிவப்பின் கதை இன்னும் சிக்கலானது. கால்சியம் படிய வேண்டும் என்பதற்காக வளர்ப்பு நீரில் பீட்டா கிளிசரோபாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். மேற்சொன்ன நொதி அதை உடைத்துப் பாஸ்பேட்டை வெளிவிடும். பாஸ்பேட் மிகுந்தால், கொலாஜன் இழை ஒழுங்காக அமையாத இடத்திலும் கால்சியம் உப்பு தானாகப் படியும். செத்துக்கொண்டிருக்கும் செல்களின் மேலும் படியும். செல்லைக் கொல்லும் சேர்மம் ஒன்று, எலும்பை வளர்க்கும் சேர்மத்தின் வேடத்தில் சிவந்த குழியாக நம் முன் நிற்கக்கூடும். அதனால்தான் செல் உயிரோடு இருக்கிறதா, கொலாஜன் உருவாகியிருக்கிறதா, எலும்பு மரபணுக்கள் விழித்திருக்கின்றனவா என்று தனித்தனியே பார்க்காத ஆய்வை நான் முடிவாக ஏற்பதில்லை. நொதி ஒன்றின் ஏற்றத்தை மட்டும் வைத்து 'எலும்பு வளர்க்கும் பொருள் கண்டுபிடிப்பு' என்று தலைப்பிடும் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தத் துறையின் மிகப் பெரிய நம்பிக்கை எழுந்தது டெக்சாஸின் சான் அன்டோனியோ நகர ஆய்வு ஒன்றில்தான். அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1965இல் கலிபோர்னியாவின் மார்ஷல் யூரிஸ்ட், அமிலத்தில் கால்சியம் நீக்கிய எலும்பைத் தசைக்குள் பதித்தால் அங்கே புதிதாக எலும்பு முளைப்பதாக எழுதினார். எலும்புக்குள் எலும்பைப் பிறப்பிக்கும் புரதம் ஒன்று இருக்கிறது என்பது அதன் பொருள். அந்தப் புரதக் குடும்பத்தின் மரபணுக்களை 1988இல் ஜான் வோஸ்னியும் உடன் உழைத்தவர்களும் பிரித்தெடுத்தார்கள். அவற்றுள் பிஎம்பி-2 என்பது இன்று முதுகெலும்பு அறுவையில் கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்கப்படுகிறது. ஆனால் அது பெரிய புரதம். விழுங்கினால் செரித்துவிடும், உடல் முழுக்கச் செலுத்தவும் முடியாது. செல்லே தன் பிஎம்பி-2ஐக் கூடுதலாகச் சுரக்கும்படி தூண்டும் சிறிய சேர்மம் ஒன்று கிடைத்தால்?

சான் அன்டோனியோவில் கிரிகரி மண்டியும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியைத் தட்டில் வைத்தார்கள். பிஎம்பி-2 மரபணுவை முடுக்கும் பகுதியை எடுத்து, மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவோடு இணைத்து, சுண்டெலியின் எலும்புச் செல்களுக்குள் செலுத்தினார்கள். சேர்மம் எதுவானாலும் அது பிஎம்பி-2ஐத் தூண்டினால் குழி ஒளிரும். இயற்கைப் பொருள்களின் தொகுப்பிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்தார்கள். குறிப்பாக ஒளியைக் கூட்டியது லோவாஸ்டாடின். கொலஸ்ட்ராலைக் குறைக்க அமெரிக்காவில் 1987 முதல் விற்பனையில் இருந்த மாத்திரை அது. பிறகு சுண்டெலிக் குட்டிகளின் மண்டையோட்டுத் துண்டுகளில் ஸ்டாடின்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். புது எலும்பு வளர்ந்தது. உயிருள்ள சுண்டெலியின் மண்டைத் தோலுக்கடியில் ஊசி போட்டார்கள், அங்கும் வளர்ந்தது. சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு சிம்வாஸ்டாடினை வாய்வழி கொடுத்தார்கள். உள்ளெலும்பின் அளவு கூடியது. 1999 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வெளிவந்தது.

அந்தக் காலத்தின் பரபரப்பு புரிந்துகொள்ளக்கூடியதே. கோடிக்கணக்கானோர் ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்த, விலை மலிந்துவந்த மாத்திரை. அதுவே எலும்பையும் வளர்க்கும் என்றால் வேறென்ன வேண்டும்? அடுத்த ஆண்டே பிரிட்டன், அமெரிக்க மருத்துவப் பதிவேடுகளை அலசிய ஆய்வுகள், ஸ்டாடின் எடுப்போரிடம் எலும்பு முறிவு ஏறத்தாழ பாதியாக இருப்பதாகச் சொன்னபோது முடிவே தெரிந்துவிட்டதைப் போல் தோன்றியது.

ஆனால் 2001இல் அதே பிரிட்டன் பதிவேட்டை வேறொரு குழு அலசியபோது பலன் எதுவும் தென்படவில்லை. ஸ்டாடின் எடுப்போரும் எடுக்காதோரும் உடல் எடையிலும் உடல்நலப் பழக்கத்திலும் வேறுபட்டவர்கள்; பருத்த உடலுக்கு எலும்பு அடர்த்தி இயல்பாகவே கூடுதல். இந்த வேறுபாடுகளைக் கழித்துப் பார்ப்பது பதிவேட்டு ஆய்வில் எளிதல்ல. சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் ஆட்களைப் பிரிக்கும் சோதனைகள்தாம் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடோர்வாஸ்டாடினைப் பல அளவுகளில் ஓராண்டு கொடுத்த சோதனையின் முடிவு 2007இல் வந்தது. எலும்பு அடர்த்தி அசையவில்லை. இதய நோய்த் தடுப்புக்காக 17,802 பேரிடம் நடந்த ஜூபிட்டர் சோதனையின் எலும்பு முறிவுக் கணக்கு 2015இல் வெளியானது. ரோசுவாஸ்டாடின் எடுத்தவர்களில் 221 பேருக்கு முறிவு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 210 பேருக்கு. கேள்வி அத்தோடு அடங்கியது.

தட்டு பொய் சொல்லியதா? இல்லை. ஸ்டாடின் எலும்புச் செல்லைத் தொட்டால் செல் உண்மையிலேயே அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஸ்டாடின் மனித எலும்பை எட்டுவதில்லை என்பதுதான் விஷயம். கொலஸ்ட்ரால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. மருந்தும் அங்கே தங்கும்படியாகத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. விழுங்கிய சிம்வாஸ்டாடினில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கல்லீரலைத் தாண்டிச் செயல்படும் வடிவில் பொது இரத்த ஓட்டத்துக்கு வருகிறது. எலிகளுக்குக் கொடுத்த அளவோ, உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால் மனிதர் எடுப்பதைவிடப் பல மடங்கு. குழியில் செல்லுக்கும் சேர்மத்துக்கும் நடுவில் கல்லீரல் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்டறியப் பத்தாண்டுக்கும் மேலான உழைப்பும் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளும் தேவைப்பட்டன.

சான் அன்டோனியோ குழு அத்தோடு நிற்கவில்லை. செல்லுக்குள் பழைய புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுத்தால் எலும்பு வளர்கிறது என்று 2003இல் காட்டியது. அதே வகை மருந்தான போர்டெசோமிப், மைலோமா என்ற புற்றுநோய்க்குப் புழக்கத்துக்கு வந்தபின், நோயாளிகளிடம் எலும்பாக்கத்தின் அடையாளங்கள் உயர்வதை மருத்துவர்கள் கண்டார்கள். ஆனால் புற்றுநோயாளிக்கு ஏற்கத்தக்க நச்சுத்தன்மையை, மற்றபடி நலமாக உள்ள 65 வயதுப் பெண்ணுக்கு யாரும் தர மாட்டார்கள். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் ஷெங் டிங்கும் பீட்டர் ஷுல்ட்ஸும் 50,000 சேர்மங்களைச் சலித்து 2002இல் புர்மார்ஃபமைன் என்ற மூலக்கூறைக் கண்டார்கள். பின்னர்தான் அது கருவளர்ச்சியில் உறுப்புகளை வடிவமைக்கும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைப் பாதையைத் தூண்டுவது தெரிந்தது. ஆய்வகங்களில் அதற்கு இன்றும் நல்ல பயன் உண்டு. எலும்பு மருந்தாக அது நோயாளியை வந்தடையவில்லை.

புளோரைடு இன்னும் ஆழமான எச்சரிக்கை. தட்டுச் சோதனையில் அது தேறும். எலும்பு கட்டும் செல்களைப் புளோரைடு நேரடியாகப் பெருக்குகிறது, ஆல்கலைன் பாஸ்பட்டேஸைக் கூட்டுகிறது என்று 1983இல் 'சயின்ஸ்' இதழிலேயே கட்டுரை வந்தது. அது எலும்பையும் உண்மையாகவே எட்டுகிறது. மேயோ கிளினிக்கின் லாரன்ஸ் ரிக்ஸும் குழுவினரும் 202 பெண்களிடம் நான்காண்டு நடத்திய சோதனையின் முடிவு 1990இல் வெளியானது. நாளுக்கு 75 மில்லிகிராம் சோடியம் புளோரைடு எடுத்தவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவு குறையவில்லை. மற்ற எலும்புகளில் புளோரைடு தரப்பில் 72 முறிவுகள்; ஒப்பீட்டுத் தரப்பில் 24. எலும்பு கூடியது, வலு குறைந்தது. புளோரைடு கனிமப் படிகத்துக்குள்ளேயே புகுந்து அதன் அமைப்பைக் கெடுத்துவிடுகிறது.

இதை அறிய நம் பகுதிக்கு மேயோ கிளினிக் தேவைப்பட்டிருக்கவில்லை. அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதிக் கிராமங்களில் நிலத்தடி நீரின் புளோரைடால் முதுகு விறைத்து, மூட்டுகள் மடங்காமல் போனவர்களைப் பற்றி ஷார்ட்டும் சகாக்களும் 1937இலேயே எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டத்தின் முக்கிய நோக்கம் இந்தப் புளோரைடு பாதிப்பிலிருந்து மக்களை மீட்பதே. அந்த நோயாளிகளின் எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தெரியும். அடர்த்தியை மட்டும் அளக்கும் எந்தச் சலித்தெடுப்பும் அந்தப் படத்தை வெற்றி என்று குறித்துக்கொள்ளும்.

அப்படியானால் வெற்றி பெற்ற மருந்துகள் எங்கிருந்து வந்தன? டெரிபாரடைடின் மூலம் பாராதைராய்டு ஹார்மோன். இந்த ஹார்மோன் மிகுந்தால் எலும்பு கரையும் என்பது மருத்துவ மாணவர் ஒவ்வொருவருக்கும் பாடம். ஆனால் அதன் சாற்றை அவ்வப்போது ஊசியாகப் பெற்ற எலிகளின் எலும்பு பெருத்ததை 1929இலேயே பாவர், ஆப், ஆல்பிரைட் மூவரும் பதிந்துவைத்தார்கள். ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்களைச் செயற்கையாகத் தயாரிக்கும் வசதி வந்தபின் அந்தப் பழைய அவதானிப்புக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1980இல் ஜொனாதன் ரீவும் கூட்டாளிகளும் 21 நோயாளிகளிடம் அதைச் சோதித்துப் பலன் கண்டார்கள். 2001இல் 1,637 பெண்களிடம் நடந்த சோதனையில், நாளுக்கு 20 மைக்ரோகிராம் ஊசி முதுகெலும்பு முறிவை 65 சதவீதம் குறைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது நேரக் கணக்கு. ஹார்மோன் சிறிது நேரம் உயர்ந்து இறங்கினால் எலும்பு கட்டப்படுகிறது. இறங்காமல் நின்றால் கரைகிறது. 1997இல் எலிச் செல்களை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைத் தட்டிலேயே காட்டினார்கள். ஒவ்வொரு 48 மணி நேரச் சுற்றிலும் முதல் 6 மணி நேரம் மட்டும் ஹார்மோன் இருந்தால் செல்கள் எலும்பாக்கத்தை நோக்கி முதிர்ந்தன. முழு நேரமும் இருந்தால் அடங்கின. வழக்கமான சலித்தெடுப்பில் சேர்மம் குழிக்குள் நாள்கணக்கில் கிடக்கும். டெரிபாரடைடே அப்படியொரு தொகுப்பில் பெயரில்லாமல் இருந்திருந்தால் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகியிருக்கும்.

இந்த நேரக் கணக்கு மாத்திரை தேடியவர்களையும் வீழ்த்தியது. உடலின் சொந்தப் பாராதைராய்டு ஹார்மோனையே அவ்வப்போது சுரக்கவைக்கலாம் என்று, கால்சியத்தை உணரும் ஏற்பியைத் தடுக்கும் மாத்திரைகளை உருவாக்கினார்கள். அவற்றுள் ரோனகலெரெட் என்ற மருந்தின் சோதனை முடிவு 2011இல் வந்தது: முதுகெலும்பில் சிறு ஏற்றம், இடுப்பெலும்பில் இறக்கம். ஹார்மோன் உயர்ந்தது, வேண்டிய வேகத்தில் இறங்கவில்லை.

ரோமோசோசுமாபின் பிறப்பு மனிதக் குடும்பங்களில். தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் மக்களிடையே ஸ்கிளிரோஸ்டியோசிஸ் என்ற அரிய நோய் உண்டு. நோயாளிகளின் எலும்பு வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மண்டையோடு தடித்து நரம்புகளை நெருக்கும். முகம் வாதம் கண்டு, காது கேளாமல் போகும். நெதர்லாந்தில் வான் புகெம் கண்டுரைத்த நோயும் இதன் உறவே. 2001, 2002 ஆண்டுகளில் இரண்டுக்கும் ஒரே வேர் தெரிந்தது: எஸ்ஓஎஸ்டி என்ற மரபணு அல்லது அதை முடுக்கும் பகுதி பழுதுபட்டு, ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதம் உருவாகாமல் போகிறது. அந்தப் புரதம் எலும்பு கட்டுமானத்துக்குத் தடை போடுவது. மரபணுவின் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கு நோய் வருவதில்லை. எலும்பு மட்டும் அடர்த்தியாக இருக்கிறது. ஆகவே ஸ்கிளிரோஸ்டினைப் பிடித்து முடக்கும் எதிர்ப்புப் புரதம் தயாரானது. 2016இல் வெளியான பெரிய சோதனையில் அது முதுகெலும்பு முறிவை ஓராண்டில் 73 சதவீதம் குறைத்தது. அடுத்த ஆண்டு வந்த மற்றொரு சோதனையில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற நிகழ்வுகள் சற்று மிகுந்ததால் எச்சரிக்கையோடும் 12 மாத வரம்போடும்தான் அது தரப்படுகிறது.

ஸ்கிளிரோஸ்டினை முக்கியமாகச் சுரப்பது எந்தச் செல்? எலும்புக்குள் புதைந்த ஆஸ்டியோசைட். எலும்பின்மேல் பாரம் விழுந்தால் அதை உணர்ந்து சுரப்பைக் குறைப்பதும் அதுவே. தட்டில் நாம் வளர்த்ததோ கட்டும் செல்லை. அதுவும் பாரமே அறியாத பிளாஸ்டிக்கின் மேல். எலும்பு எவ்வளவு வளரலாம் என்று முடிவெடுக்கும் செல் அந்த அறையிலேயே இல்லை. அதை வளர்ப்பது எளிதுமல்ல. லிண்டா போன்வால்டின் குழு 1997இல், அதே சான் அன்டோனியோவில், முதல் ஆஸ்டியோசைட் செல் வரிசையை உருவாக்கியது. அது ஸ்கிளிரோஸ்டினை மிகக் குறைவாகவே சுரந்தது. நன்கு சுரக்கும் வரிசை 2011இல்தான் வந்தது. அதன் பிறகு நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. பாஸ்டனில் மார்க் வைனும் உடனாய்வாளர்களும், பாராதைராய்டு ஹார்மோன் ஆஸ்டியோசைட்டுக்குள் எந்த நொதிகளை அடக்கி ஸ்கிளிரோஸ்டினைக் குறைக்கிறது என்று தேடிப்போய், அந்த நொதிகளைத் தடுக்கும் சிறு மூலக்கூறு சுண்டெலிகளில் எலும்பாக்கத்தைக் கூட்டுவதை 2016இல் காட்டினார்கள். செல்லை முதலில் சரியாகத் தேர்ந்தெடுத்ததன் பலன் இது.

நம் நாட்டு முயற்சிகளையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பிரண்டையை எலும்புக்கு உகந்ததாகத் தமிழர் கருதுவது பழைய வழக்கம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் 1960களில், எலும்பு முறிந்த எலிகளுக்கு அதைக் கொடுத்து, கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு முறிவு கூடுவதை அளந்தார்கள். பின்னர் வந்த பல ஆய்வுகள் பிரண்டைச் சாறு செல்களில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸைக் கூட்டுவதைக் காட்டியிருக்கின்றன. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனம் நம் தாவரங்களின் சேர்மங்களை எலிக்குட்டியின் மண்டையோட்டுச் செல்களில் தொடங்கி, சூலகம் நீக்கிய எலிகள் வரை ஒழுங்காகச் சோதித்துவருகிறது. இந்த உழைப்பை மதிக்கிறேன். மதிப்பதாலேயே, இன்னொரு செல் ஆய்வு பிரண்டைக்குத் தேவையில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. சாற்றில் உள்ள எந்தச் சேர்மம், விழுங்கிய பிறகு எவ்வளவு இரத்தத்துக்கு வருகிறது, எலும்பில் எவ்வளவு சேர்கிறது, வளர்ந்த எலும்பு அழுத்தினால் தாங்குகிறதா என்பவையே ஸ்டாடினும் புளோரைடும் நமக்கு விட்டுப்போன கேள்விகள். அவற்றுக்கு விடை தேடும் ஒரே ஒரு நல்ல ஆய்வு, மஞ்சள் குழிகளைக் காட்டும் பத்து ஆய்வுகளைவிட நோயாளிக்கு உதவும்.

விலங்குச் சோதனையும் முழுப் பாதுகாப்பு அல்ல. எலியின் நீளெலும்பு மனிதரைப் போல உள்ளிருந்து குடைந்து புதுப்பித்துக்கொள்வதில்லை. அதன் வளர்ச்சித் தட்டுகள் முதிர்ந்த வயதிலும் மூடுவதில்லை. வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரியில் வளர்ச்சியைத் தூண்டுவது எளிது. எலும்புப்புரை மருந்துக்கு எலியோடு பெரிய விலங்கு ஒன்றிலும் சோதனை வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை கேட்பது இதனால்தான்.

விழுங்கக்கூடிய எலும்பு வளர்ச்சி மருந்தின் தேவை குறையவில்லை. தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய, விலை மிகுந்த மருந்தை நம் ஊர்களில் இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிகளில் எத்தனை பேரால் வாங்க முடியும்? அந்தத் திசையில் இன்று ஆவலோடு கவனிக்க வேண்டியது ஜப்பானின் சுகாய் நிறுவனம் கண்டெடுத்த பிசிஓ371. பாராதைராய்டு ஹார்மோனின் ஏற்பியைத் தூண்டும் இந்தச் சிறு மூலக்கூறை வாய்வழி கொடுக்கலாம். அது ஏற்பியின் வெளிப்புறத்தை விட்டுவிட்டு, செல்லுக்குள் இருக்கும் பக்கத்தில் ஒட்டிக்கொள்வதை 2023இல் 'நேச்சர்' கட்டுரைகள் படம்பிடித்துக் காட்டின. 2016இல் வெளியான முதல் ஆய்வில், பாராதைராய்டு சுரப்பி இல்லாத எலிகளின் இரத்தக் கால்சியத்தை அது ஊசியைவிட நீண்ட நேரம் நிலைநிறுத்தியது. எலும்பு மெலிந்த எலிகளிலோ எலும்பின் புதுப்பிப்பு வேகமெடுத்தது. எலும்பின் அளவு கொஞ்சம்தான் கூடியது. அந்த மூலக்கூறு இரத்தத்தில் எத்தனை மணி நேரம் நின்றால் கட்டுமானம் அரிப்பை முந்தும் என்பதுதான் அடுத்து அளக்க வேண்டியது.